இரு வருவாயும் இல்லறத்தார் கடமையும்

மதுரைக்கு வடக்கேயுள்ள அழகர்மலைக் குகைத்தளத்தில், சமண முனிவர்க்குக் கொடையளித்தோர் பெயர்கள் தமிழ்ப் பிராமி எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. உப்பு வாணிகன், அறுவை வாணிகன் எனத் தத்தம் தொழிலாலேயே அவர்கள் குறிக்கப்படுகின்றனர். இன்றோ பகலில் மாதச் சம்பளமும், மாலையில் சொந்தப் பொறுப்பில் தொழிற்கட்டணமும் ஈட்டுவோர் நம் இல்லங்களில் பலர். இவ்விரு வருவாய்க்கும் உரிய கடமைகளை இப்பாடத்தில் காண்போம்.

கட்டுமான நிறுவனமொன்றில் பணியாற்றும் பொறியாளர் ஒருவரைக் கருதுவோம். மாலை வேளைகளில் திருமங்கலம், மேலூர்ப் பகுதிகளில் வீடு கட்டுவோர்க்கு வரைபடம் தயாரித்துத் தந்து, ஆண்டுக்கு 4,00,000 ரூபாய் பெறுகிறார். "அலுவலகத்திலேயே வரி பிடித்துவிடுகிறார்களே!" என்று அவர் அமைதியுறுவாராயின் அது பிழை. நாம் தெரிவித்தாலன்றி, அலுவலகம் தான் தரும் சம்பளத்துக்கு மட்டுமே வரி கணக்கிடும். நிறுவனங்கள் தொழிற்கட்டணம் தரும்போது, ஆண்டுத்தொகை 50,000 ரூபாயைக் கடந்தால் பொதுவாக 10 சதவீதம் டி.டி.எஸ். பிடிக்கும். தம் சொந்த வீட்டுக்காகக் கட்டணம் தருவோர் அவ்வாறு பிடிப்பதில்லை.

1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்துக்குப் பதிலாக 2025ஆம் ஆண்டுச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இருவகை வருவாயையும் கூட்டியே வரி காணவேண்டும் என்னும் அடிப்படை மாறவில்லை. பொறியாளர், மருத்துவர், வழக்கறிஞர் முதலிய குறிப்பிட்ட தொழிலினர், கட்டண வரவு 50 லட்சத்துக்கு மேற்படாதபோது, அதில் பாதியை வருமானமாகக் காட்டலாம். ஏனையோர் தத்தமக்குரிய விதியை வரி ஆலோசகரிடம் கேட்டறிதல் நன்று.

நம் பொறியாளர்க்கு அவ்வாறு காட்டும் வருமானம் 2,00,000 ரூபாய். அது முழுவதும் 20 சதவீத வரிப்படியில் அமைவதாகக் கொண்டால் வரி 40,000. அதன்மீது 4 சதவீதக் கூடுதல் தீர்வை 1,600. ஆக 41,600 ரூபாய். பிடித்தம் போக எஞ்சும் வரி 10,000 ரூபாயோ அதற்கு மேலோ ஆயின், அதனை முன்கூட்டியே செலுத்தவேண்டும். ஜூன் 15, செப்டம்பர் 15, டிசம்பர் 15, மார்ச் 15 ஆகியவை தவணை நாட்கள். பாதி வருமான முறையைக் கொண்டோர் மார்ச் 15க்குள் ஒரே தவணையாகச் செலுத்தலாம். தவறினால் மாதம் 1 சதவீத வட்டி சேரும். ஆதலின், கட்டணம் கைக்கு வரும்போதே ஒரு பங்கைத் தனியே எடுத்து வைத்தல் அறிவுடைமை.

இனி, முதுமைக்கான பாதுகாப்பு. வருங்கால வைப்புநிதிக்கு ஊழியர் 12 சதவீதம் செலுத்த, நிறுவனமும் தன் பங்கைச் செலுத்துகிறது. தொழிற்கட்டணத்துக்கு இத்தகைய துணை இல்லை. அதனைத் தாமே அமைத்துக்கொள்ளவேண்டும். அஞ்சலகத்திலும் வங்கியிலும் உள்ள பொது வருங்கால வைப்புநிதியில் ஆண்டுக்கு 1,50,000 ரூபாய் வரை சேமிக்கலாம். தேசிய ஓய்வூதியத் திட்டமும் உண்டு. மாலை வருவாய் முழுவதும் வீட்டுச் செலவிலேயே கரையுமாயின், உழைக்கும் உடல் தளரும் நாளில் அவ்வருவாயும் நிற்கும். குடும்பமே சுமை தாங்க நேரும்.

களவு செய்யாமை என்னும் அணுவிரதத்துக்குரிய ஐந்து அதிசாரங்களுள், அரசின் விதியை மீறுதலையும் ஒன்றாகத் தத்துவார்த்த சூத்திரம் வகுத்துள்ளது. ரொக்கமாக வந்தது எவர்க்கும் தெரியாது என மறைத்தல், இல்லறத்தார் ஏற்ற விரதத்துக்கு ஊறாகும். குகைத்தளத்துக் கொடையாளர் தம் தொழிலைக் கல்லில் எழுதத் தயங்கவில்லை. நாம் நம் வருவாயைக் கணக்கேட்டில் எழுதத் தயங்கலாமா? இம்மாதமே குடும்பத்தாருடன் அமர்ந்து இரு வருவாயையும் ஒரே ஏட்டில் எழுதத் தொடங்குவோமாக.