விந்தணுவுக்கு இரத்தம் தரும் கவசம்

தீபாவளிக்குச் சுட்ட முறுக்கை மாதக்கணக்கில் டப்பாவில் வைத்திருந்தால் சிக்கு வாடை அடிக்கும். காற்றிலுள்ள ஆக்சிஜன் முறுக்கின் எண்ணெயிலுள்ள கொழுப்பு அமிலங்களைச் சிதைப்பதே காரணம். இதே வகை வேதிவினை நம் உயிரணுக்களிலும் நடக்கிறது. அதனால் எளிதில் பாதிக்கப்படுவது ஆணின் விந்தணு.

உலகில் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் எப்போதாவது குழந்தைப்பேறின்மையை எதிர்கொள்கிறார் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல் அறிவித்தது. பல குடும்பங்களில் பழி பெண்மீதே விழுகிறது. உண்மையில், ஏறக்குறைய பாதித் தம்பதியரில் ஆணிடமும் காரணம் இருக்கிறது.

ஆக்சிஜனேற்ற அழுத்தம்

உயிரணுவின் மைட்டோகாண்ட்ரியா ஆக்சிஜனைப் பயன்படுத்தி ஆற்றலை உருவாக்குகிறது. அப்போது சூப்பராக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற வினைமிகு பொருள்களும் உண்டாகின்றன. இவற்றை அடக்கும் எதிர்ப்பொருள்கள் உடலில் உள்ளன. அவற்றின் சக்தியை மீறி வினைமிகு பொருள்கள் பெருகும் நிலையே ஆக்சிஜனேற்ற அழுத்தம். புகைபிடித்தல், நோய்த்தொற்று, அதிக வெப்பம் ஆகியவை இதைக் கூட்டும்.

விந்தணு ஏன் எளிதில் பாதிக்கப்படுகிறது?

விந்தணுவின் நீளம் ஏறக்குறைய 0.05 மில்லிமீட்டர். தலையில் 23 குரோமோசோம்கள், நடுப்பகுதியில் மைட்டோகாண்ட்ரியா, பின்னால் நீந்தும் வால். எடை குறைய வேண்டும் என்பதால் அது தன் சைட்டோபிளாசத்தைப் பெரும்பாலும் இழந்துவிடுகிறது. பாதுகாப்பு நொதிகள் இருக்க வேண்டிய இடமும் அதுதான். அதன் சவ்வில் ஆக்சிஜனேற்றத்தால் விரைவில் சிதையும் கொழுப்பு அமிலங்கள் மிகுதி. சிதைந்த டி.என்.ஏ.வைத் தானே பழுதுபார்க்கும் திறனும் அதற்கு இல்லை எனலாம்.

1943-இல் அமெரிக்க ஆய்வாளர் ஜான் மக்லியோட், ஆக்சிஜன் மிகுந்த சூழலில் விந்தணுக்கள் நீந்தும் திறனை இழப்பதைக் கண்டார். ஹைட்ரஜன் பெராக்சைடைச் சிதைக்கும் கேட்டலேஸ் நொதியைச் சேர்த்தபோது அவை பாதுகாக்கப்பட்டன.

எனினும் வினைமிகு பொருள்கள் முற்றிலும் பகை அல்ல. கருமுட்டையுடன் சேரத் தயாராவதற்கு விந்தணுவுக்கு அவை சிறிதளவு தேவை. சமநிலையே முக்கியம்.

ஆய்வகத்தில் வரும் ஆபத்து

விந்துநீரில் வைட்டமின் சி, யூரிக் அமிலம் போன்ற எதிர்ப்பொருள்கள் உண்டு. சோதனைக்குழாய்க் கருத்தரிப்பின்போது விந்தணுக்கள் அந்த நீரிலிருந்து பிரிக்கப்படுவதால் இக்காவலை இழக்கின்றன. புற்றுநோய்ச் சிகிச்சைக்கு முன் இளைஞர்கள் பலர் தங்கள் விந்தணுக்களைத் திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 பாகை செல்சியஸில், சேமிக்கின்றனர். பிற்காலத்தில் தந்தையாவதற்கு அதுவே அவர்களின் ஒரே வாய்ப்பாக இருக்கலாம். ஆனால், உறையவைத்து மீண்டும் உருக்குவதும் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தைத் தருகிறது.

இரத்தம் எப்படி உதவும்?

டிங்கிக் காய்ச்சலில் குறையும் இரத்தத் தட்டணுக்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இரத்தத்தை மையவிலக்குப் பொறியில் சுழற்றினால் சிவப்பணுக்கள் அடியில் தங்கும். மேலே பிளாஸ்மா நிற்கும். அதிலிருந்து தட்டணுக்கள் செறிந்த பிளாஸ்மாவைத் தயாரிக்கலாம். தட்டணுக்களில் காயத்தை ஆற்றும் வளர்ச்சிக் காரணிகள் உள்ளன. பிளாஸ்மாவில் மிகுதியாக உள்ள அல்புமின் என்னும் புரதம் வினைமிகு பொருள்களைத் தன்மீது ஏற்றுக்கொள்கிறது. கருத்தரிப்பு ஆய்வகங்களின் வளர்ப்பு நீர்மங்களில் மனித அல்புமின் ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது.

ஆய்வாளர்கள் ஒரே மாதிரியைப் பல பங்குகளாகப் பிரிக்கின்றனர். ஒரு பங்கை அப்படியே விடுகின்றனர். இன்னொன்றில் ஹைட்ரஜன் பெராக்சைடு மட்டும் சேர்க்கின்றனர். மற்றொன்றில் அதனுடன் சிறிதளவு பிளாஸ்மாவையும் சேர்க்கின்றனர். பிறகு நீந்தும் வேகத்தையும் டி.என்.ஏ. சிதைவையும் ஒப்பிடுகின்றனர். இத்தகைய சோதனைகளில் பிளாஸ்மா சேர்த்த விந்தணுக்கள் மேலாக நீந்தியதாக முடிவுகள் வந்துள்ளன. அதற்காக அளவைக் கூட்டக் கூட நன்மையும் கூடும் என்று எண்ணிவிடக் கூடாது.

கண்ணாடித் தட்டில் கிடைத்த வெற்றி மருத்துவமனையில் கிடைத்த வெற்றி ஆகாது. பிளாஸ்மா தயாரிக்கும் முறை ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறுபடுகிறது. இதனால் அதிகக் குழந்தைகள் பிறக்கின்றன என்பது நிறுவப்படவில்லை. ஆகவே, இம்முறை இன்னும் ஆய்வு நிலையில்தான் உள்ளது. விளம்பரங்களைப் படிக்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

சிந்தித்து விடை எழுதுக

1. எதையும் சேர்க்காத ஒரு பங்கு சோதனைக்கு ஏன் தேவை?
2. வேறொருவரின் இரத்தத்தைவிட அதே ஆணின் இரத்தத்தைப் பயன்படுத்துவதில் என்ன நன்மை?
3. எல்லா வினைமிகு பொருள்களையும் நீக்கிவிட்டால் விந்தணுவுக்கு என்ன நேரும்?