டூருக்குப் பணம் கட்டும் முன்...



நம்ம திருத்தணி மலைக்கு 365 படி. மலேசியா பத்துமலைக்கு 272 படி. 2006-ல் அங்கே 140 அடி முருகன் சிலை திறந்த பிறகு, "அதையும் ஒரு தடவை பார்த்துடணும்" என்ற ஆசை நம் பெண்களுக்கும் உண்டு. ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆனால் சீட்டுப் பணத்தையும் கடன் பணத்தையும் கட்டிப் போகிறவர்களில் சிலர் மனக்குறையோடுதான் திரும்புகிறார்கள்.

என்ன குறை? கோயிலில் அரை மணி, கடையில் இரண்டு மணி! வாங்கும் பொருளுக்குக் கடைக்காரர் வழிகாட்டிக்குக் கமிஷன் தருவது பல ஊரிலும் உள்ள வழக்கம். "எல்லாம் சேர்த்துதான்" என்றவர்கள், அங்கே போனதும் தனித்தனியாக வசூலிப்பதும் உண்டு.

எனவே பணம் கட்டும் முன் எழுத்தில் வாங்க வேண்டியவை:

1. எந்த நாள், எந்த இடம், எத்தனை மணி நேரம்?
2. விமானம், சாப்பாடு, நுழைவுக் கட்டணம், இன்சூரன்ஸ் – எது சேர்ந்தது, எது சேராது?
3. பயணம் ரத்தானால் எவ்வளவு திரும்ப வரும்?
4. கட்டிய ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது.

சொன்னபடி செய்யாவிட்டால் அது சேவைக் குறைபாடு. 1915 என்ற எண்ணில் நுகர்வோர் உதவி கேட்கலாம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும், நம்ம திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே 2 ஆண்டுக்குள் புகார் தரலாம். கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. வக்கீலும் கட்டாயமில்லை.

குழுவில் பேசுங்கள்: டூருக்குக் கடன் கேட்டு ஒருவர் வந்தால், அந்தக் காகிதத்தை எல்லோரும் சேர்ந்து படித்த பிறகு தீர்மானம் போடலாமா?