வாகனம் எனும் நிஃமத்: நாளை கேள்வி உண்டு



குதிரை, கோவேறு கழுதை, கழுதை ஆகியவற்றைப் பயணத்திற்காகவும் அலங்காரத்திற்காகவும் படைத்ததாக அல்லாஹுத்தஆலா சூரா நஹ்லில் (16:8) கூறுகிறான். நீங்கள் அறியாதவற்றையும் படைப்பான் என்று அதே வசனத்தில் சேர்த்துச் சொல்கிறான். இன்று நம் வாசலில் நிற்கும் பைக்கும் காரும் அதில் அடங்கும் என்பது பிற்கால விரிவுரையாளர்கள் பலரின் விளக்கம். ஆகவே வாகனம் ஒரு நிஃமத். நிஃமத் என்றால் அதைப் பற்றி மறுமையில் விசாரணையும் உண்டு (102:8).

ஒரு லிட்டர் பெட்ரோலின் கணக்கு

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. டீசல் என்றால் சுமார் 2.7 கிலோ. முக்கால் கிலோ எடையுள்ள பெட்ரோலிலிருந்து இவ்வளவா என்று வியக்க வேண்டாம். அதிலுள்ள கரி, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்வதால் எடை கூடுகிறது. அந்த எரிபொருளின் சக்தியில் ஏறக்குறைய கால் பங்குதான் சக்கரத்தைச் சுழற்றுகிறது. மீதி பெரும்பாலும் வெப்பமாக வீணாகிறது. அந்தக் கால் பங்கும் ஒரு டன் இரும்பை இழுக்கவே பெரிதும் செலவாகிறது. உள்ளே இருப்பதோ எழுபது கிலோ எடையுள்ள ஒரே மனிதர்!

லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் காரில் ஒருவர் தினமும் 20 கிலோமீட்டர் தனியாகப் போய் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். 300 நாட்களில் 400 லிட்டர் பெட்ரோல். 900 கிலோவுக்கும் மேல் கரியமில வாயு. அதே காரில் நால்வர் சேர்ந்து போனால் ஒருவர் பங்கு நான்கில் ஒன்றாகிவிடும். பேருந்தில் போனால் இன்னும் குறையும்.

வாகனம் சொந்தமாகிவிட்டால் இன்னொன்றும் நடக்கிறது. தெருமுனைக் கடைக்கும் சாவியை எடுக்கிறோம். எஞ்சின் சூடேறுவதற்குள் முடிந்துவிடும் இத்தகைய குறுகிய பயணங்களில்தான் கிலோமீட்டருக்கு அதிக எரிபொருள் செலவாகிறது, புகையும் அதிகம்.

மார்க்கம் காட்டும் வழி

தன்னிடம் உபரியான வாகனம் உள்ளவர், வாகனம் இல்லாதவருக்கு அதைக் கொடுத்து உதவட்டும் என்று நபி (ஸல்) அவர்கள் ஒரு பயணத்தில் சொன்னார்கள் (முஸ்லிம்). உங்கள் காரில் காலியாக இருக்கும் மூன்று இருக்கைகளை இந்த ஹதீஸோடு சேர்த்து யோசியுங்கள்.

பனூ ஸலிமா கூட்டத்தார் மஸ்ஜிதுந் நபவிக்கு அருகில் குடிவர விரும்பியபோது, அங்கேயே இருங்கள், உங்கள் காலடிகள் பதிவு செய்யப்படுகின்றன என்ற கருத்தில் நபியவர்கள் பதிலளித்தார்கள் (முஸ்லிம்). ஜும்ஆவுக்கு வாகனத்தில் ஏறாமல் நடந்தே வருபவருக்குரிய பெரும் நன்மை அபூதாவூத் போன்ற நூல்களில் வந்துள்ளது. நாமோ அரை கிலோமீட்டருக்கு காரில் வந்து, அந்த நன்மையையும் இழந்து, அடுத்த வீட்டு வாசலை அடைத்து நிறுத்துகிறோம். அந்த வீட்டிலிருந்து ஒரு நோயாளியை அவசரமாக அழைத்துச் செல்ல வேண்டி வந்தால் என்ன செய்வார்கள்? சாலையின் உரிமையைப் பேணுவதும், பிறருக்குத் தீங்கு தராதிருப்பதும் நம் மீது கடமையல்லவா? புகையைச் சுவாசிப்பது நடந்து போகும் ஏழையும், மக்தபுக்கு வரும் நம் பிள்ளைகளும்தான்.

வயோதிகர்கள், நோயாளிகள், தொலைவிலிருந்து வருபவர்கள் வாகனத்தில் வருவதில் குறையேதும் இல்லை. தேவைக்குப் பயன்படுத்துவது விரயமாகாது. பெருமைக்காக, அதுவும் வட்டிக் கடனில், இரண்டாவது கார் வாங்குவதுதான் அஞ்ச வேண்டிய விஷயம்.

இந்த வாரமே தொடங்குவோம். பள்ளிக்கு நடக்க முடிந்தவர்கள் நடப்போம். ஒரே தெருக்காரர்கள் ஒரே வண்டியில் வேலைக்குச் செல்வோம். நின்றிருக்கும் வண்டியின் எஞ்சினை அணைப்போம். டயரில் காற்றைச் சரியாக வைப்போம்.

அல்லாஹ் தந்த நிஃமத்துகளை விரயமின்றிப் பயன்படுத்தி, யாருக்கும் தீங்கிழைக்காமல் வாழும் நற்பாக்கியத்தை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.