தம்பி, அந்த ஊசியைப் போடாதே

கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆனால் போதும், "விசேஷம் ஏதும் இல்லையா?" என்று பெண்ணைப் பார்த்துத்தான் கேட்பார்கள். என் சித்தி மகன் வீட்டிலும் அப்படித்தான். அவன் மனைவி ஸ்கேன், ரத்தப் பரிசோதனை என்று ஆறு மாதம் தனியாக அலைந்தாள். கடைசியில்தான் டாக்டர் இவனுடைய விந்துப் பரிசோதனையைக் கேட்டார். ரிப்போர்ட்டில் எண்ணிக்கை இருக்க வேண்டிய இடத்தில் 'நில்' என்று இருந்தது. ஒருநாள்கூடத் தவறாமல் ஜிம்முக்குப் போகிற பிள்ளை! "வேறு ஏதாவது மருந்து எடுக்கிறீங்களா?" என்று டாக்டர் கேட்ட பிறகுதான் ஜிம் பையின் பக்கவாட்டு ஜிப்பிலிருந்து அந்தக் குப்பி வெளியே வந்தது. உள்ளே நல்லெண்ணெய் மாதிரி மஞ்சளாக டெஸ்டோஸ்டிரோன் மருந்து. வாரம் ஒரு ஊசி.

"அது ஆம்பளை ஹார்மோன்தானேக்கா, போட்டா நல்லதுதானே?" என்றான். நிறையத் தம்பிகள் இப்படித்தான் நினைக்கிறார்கள். அதனால் இதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

விந்தணு உருவாக டெஸ்டோஸ்டிரோன் வேண்டும்தான். ஆனால் அது விரைக்குள்ளேயே சுரந்து அங்கேயே நிறைந்திருக்க வேண்டும். ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகமாக அங்கே இருக்கும். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்று இரண்டு ஹார்மோன்களை அனுப்புகிறது. முதலாவது, விரையை டெஸ்டோஸ்டிரோன் சுரக்க வைக்கும். இரண்டாவது, விந்தணுவை வளர்த்தெடுக்கும் செல்களைத் தூண்டும். நீ ஊசி போட்டதும் ரத்தத்தில் அளவு ஏறிவிடும். 'இனிமேல் தேவையில்லை' என்று பிட்யூட்டரி இரண்டையும் அடக்கிவிடும். ரத்தத்தில் எவ்வளவு இருந்தாலும் விரைக்குள் வறட்சிதான். விந்தணு குறையும், பலருக்கு அறவே நின்றுபோகும், விரையும் சுருங்கும். 1990-இல் வெளியான உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வில் வாராந்திர டெஸ்டோஸ்டிரோன் ஊசியை ஆண்களுக்கான கருத்தடையாகவே சோதித்தார்கள் என்றால் பார்த்துக்கொள்.

குழந்தை வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் ஊசி, ஜெல் எதுவும் கூடாது. ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்தால் டாக்டரிடம் மறைக்காதே. நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்கு உற்பத்தி திரும்பும், ஆனால் ஆறு மாதம், ஒரு வருஷம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். குறைபாட்டுக்காக டாக்டரே எழுதிக்கொடுத்தது என்றால் நீயாக நிறுத்தாதே. "எங்களுக்குக் குழந்தை வேணும்" என்று வாய்விட்டுச் சொல். உள்ளேயே சுரக்க வைக்கும் வேறு மருந்துகள் உண்டு.

விந்துப் பரிசோதனைக்கு முன் இரண்டு முதல் ஏழு நாள் வரை விந்து வெளியேறாமல் இருக்க வேண்டும். வீட்டிலிருந்து கொண்டுபோனால் ஒரு மணி நேரத்துக்குள், உடம்புச் சூட்டிலேயே வைத்துக்கொண்டு போய்ச் சேர். ஒரு மில்லிலிட்டருக்கு 1.6 கோடி என்பது கீழ் எல்லை. குறைந்திருந்தால் உடனே இடிந்துபோகாதே, சில வாரம் கழித்து இன்னொரு முறை பார்க்கச் சொல்வார்கள். டெஸ்டோஸ்டிரோன் அளவுக்கான ரத்தத்தைக் காலையிலேயே கொடு, பொழுது ஏற ஏற அளவு இறங்கும்.

சிகரெட்டை விடு, தொப்பையைக் குறை, மடியில் லேப்டாப் வேண்டாம். விரை உடம்பைவிட இரண்டு மூன்று டிகிரி குளிர்ச்சியாக இருந்தால்தான் வேலை நடக்கும். ஒரு விந்தணு உருவாகவே எழுபது நாளுக்கு மேல் ஆகிறது. அதனால் இன்று திருந்தினால் பலன் மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும். பத்தாவது நாளே ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்காதே. இன்னொன்று, எண்ணிக்கை குறைய ஹார்மோன் மட்டும்தான் காரணம் என்றில்லை. விரையில் நரம்புச் சுருட்டல், குழாய் அடைப்பு என்று வேறு காரணங்களும் உண்டு. கடையில் கேட்டு மாத்திரை வாங்காமல் ஆண்ட்ராலஜி டாக்டரையோ யூராலஜி டாக்டரையோ பார்.

என் தம்பிக்கு ஊசியை நிறுத்திய ஒன்பதாவது மாதம் எண்ணிக்கை திரும்பியது. அந்த ஒன்பது மாதமும் அவன் மனைவிதான் ஊர்க் கேள்விக்குப் பதில் சொன்னாள். அதனால் கேட்கிறேன், அடுத்த முறை ஆஸ்பத்திரிக்கு அவளைத் தனியாக அனுப்பாதே. நீயும் போ, முதல் டெஸ்ட்டை நீ கொடு.