பச்சை ஸ்டிக்கர் ஒட்டினால் ஷாக் அடிக்காதா?

லண்டனில் பரதநாட்டிய வகுப்புகள் பலவும் வாடகை இடங்களில்தான் நடக்கின்றன. சனிக்கிழமை தேவாலய மண்டபம், ஞாயிறு பள்ளிக்கூட அரங்கம். முன்பதிவுப் படிவத்தை நிரப்பிக்கொண்டே வரும் ஆசிரியை ஒரு கேள்வியில் நின்றுவிடுவார்: நீங்கள் கொண்டுவரும் மின்கருவிகளுக்கு ‘பாட்’ சான்று உண்டா? ஸ்பீக்கர், சுருதிப் பெட்டி, லேப்டாப் சார்ஜர், எக்ஸ்டென்ஷன் ஒயர் எல்லாம் இதில் சேர்த்தி. கையோடு எடுத்துப்போகும் மின்கருவிகளுக்குப் பிரிட்டனில் செய்யும் பாதுகாப்புச் சோதனைக்குத்தான் அந்தப் பெயர். அதைப் பற்றி உலவும் நம்பிக்கைகளில் பாதி தவறானவை.

‘வருடா வருடம் சோதிக்காவிட்டால் சட்டப்படி குற்றம்’ என்பது முதல் நம்பிக்கை. அப்படி ஒரு சட்டம் கிடையாது. பணியிட மின்சாரத்துக்கான 1989ஆம் ஆண்டு விதிமுறைகள் கேட்பது ஒன்றே: ஆபத்து நேராதபடி கருவிகளைப் பராமரிக்க வேண்டும். தனியாகத் தொழில் நடத்தும் நடன ஆசிரியைக்கும் இது பொருந்தும். எத்தனை மாதத்துக்கு ஒருமுறை, யாரைக் கொண்டு என்றெல்லாம் அதில் இல்லை. ஆண்டுச் சோதனை கட்டாயமில்லை என்பதை அந்நாட்டுப் பணியிடப் பாதுகாப்பு ஆணையமே வெளிப்படையாகச் சொல்லிவருகிறது. ஆனால், மண்டபத்துக்காரர் சான்று கேட்டால் அது வாடகை ஒப்பந்தத்தின் நிபந்தனை. சட்டம் பேசினால் மண்டபம் கிடைக்காது.

சோதனையில் தேறிய கருவியில் ஒட்டும் பச்சை ஸ்டிக்கர் இருந்தால் கவலையில்லை என்பார்கள். ஸ்டிக்கர் சொல்வது சோதித்த நாளின் நிலையை மட்டுமே. மறுநாளே கார் டிக்கியில் கனமான பெட்டிக்கு அடியில் அந்தக் கருவியின் ஒயர் நசுங்கியிருக்கலாம். பெரும்பாலான கோளாறுகள் கண்ணுக்கே தெரியக்கூடியவை: பிளக்கின் கழுத்தில் மேலுறை விலகி உள்ளே தெரியும் வண்ணக் கம்பிகள், கருகிய தடம், டேப் சுற்றிய ஒட்டு. இதற்கு எலெக்ட்ரீஷியன் வேண்டியதில்லை. உள்ளே எர்த் அறுந்திருப்பது போன்றவற்றைக் கண்டுபிடிக்கத்தான் மீட்டர் தேவை.

ஊரிலிருந்து வாங்கிவந்த சுருதிப் பெட்டிக்குத் தனிக் கதை உண்டு. பிரிட்டன் சாக்கெட்டின் கீழிரண்டு துளைகளை உள்ளே ஒரு மூடி அடைத்திருக்கும். பிளக்கின் நீளமான மூன்றாவது கால் நுழைந்தால்தான் திறக்கும். நம்மவர்கள் அந்த மூன்றாவது காலுக்கான துளையில் பேனாவைச் செருகி மூடியைத் திறந்து, இந்திய இரண்டு கால் பிளக்கை அழுத்திவிடுவார்கள். இந்தியாவிலும் 230 வோல்ட்தான், ஆகவே பெட்டி பாடும். ஆனால் தளர்ந்த பொருத்தத்தில் சூடேறும். பிரிட்டன் பிளக்குக்குள் இருக்கும் ஃபியூஸும் இதில் கிடையாது. சாமர்த்தியம் என்று நினைத்துச் செய்யும் வேலைகளில் இதைவிட மோசமானது குறைவு.

சரி, ஃபியூஸ் இருந்தால் ஆளைக் காப்பாற்றிவிடுமா? நடனக்காரர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். ஃபியூஸ் காப்பது ஒயரை. ஒயர் சூடாகித் தீப்பிடிக்காமல் இருக்கவே அது. 13 ஆம்பியர் ஃபியூஸ் என்றால் 13,000 மில்லிஆம்பியர். மனித இதயத்தின் துடிப்பைக் குலைக்கச் சில பத்து மில்லிஆம்பியரே போதும். வெறுங்காலோடு ஆடுகிறவரின் வியர்வையில் நனைந்த தோல், மின்சாரத்துக்குக் காட்டும் எதிர்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும்.

1972 மே 3 அன்று வேல்ஸிலுள்ள ஸ்வான்சீ நகர மேடையில் ‘ஸ்டோன் த குரோஸ்’ குழுவின் கிதார் கலைஞர் லெஸ் ஹார்வி, கிதார் கையில் இருக்க, எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டார். அங்கேயே உயிர் போனது. அரங்கேற்ற மேடையிலும் வயலினில் பிக்கப், முன்னால் மைக் என்று ஒரே கலைஞர் இரண்டு கருவிகளுக்கு நடுவேதான் உட்கார்ந்திருக்கிறார்.

இப்படி ஆளின் உடல் வழியே கசியும் மின்சாரத்தைப் பிடிப்பது ஆர்.சி.டி. என்னும் சாதனம். 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே நொடியின் சிறு பங்கில் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். வாடகை மண்டபத்தில் அது இருக்கிறதா என்று கேளுங்கள். தெரியவில்லை என்று பதில் வந்தால், சாக்கெட்டில் செருகிக்கொள்ளும் ஆர்.சி.டி. கடையில் கிடைக்கும், சலங்கைப் பையில் ஒரு மூலையில் அடங்கும். செருகியதும் அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள். மின்சாரம் நிற்கவில்லையென்றால் அந்த ஆர்.சி.டி.யைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குங்கள்.