தானியங்கி விற்பனைப் பொறியும் மாந்தர் மனநிலையும்

விற்பவர் இன்றிப் பொருள் வழங்கும் பொறி அண்மைக் காலத்தது என்று நாம் கருதுவது இயல்பு. ஆயின், கி.பி. முதல் நூற்றாண்டிலேயே அலெக்சாந்திரியா நகரத்து ஹீரோ என்னும் அறிஞர், காசு இட்டால் நீர் வழங்கும் கருவியை விளக்கியுள்ளார். காசு ஒரு நெம்புகோல் தட்டில் விழ, அதன் எடையால் அடைப்புத் திறக்கும்; காசு சரிந்து வீழ்ந்ததும் அடைப்பு மூடிக்கொள்ளும். 1883ஆம் ஆண்டளவில் இலண்டனில் அஞ்சலட்டை விற்கும் பொறி தோன்றியது. 1888இல் நியூயார்க் இரயில் மேடைகளில் சூயிங்கம் விற்கும் பொறிகள் இடம்பெற்றன.

சினமும் அதன் விளைவும்

கடைக்காரர் பொருளைத் தர மறந்தால் கேட்டுப் பெறலாம். பொறியிடம் முறையிட இயலாது. காசு உள்ளே சென்றுவிட, கண்ணாடிக்குப் பின்னே பொருள் சிக்கித் தொங்கும் காட்சி எவரையும் சினங்கொள்ளச் செய்யும். அச்சினத்தில் பொறியைப் பிடித்து ஆட்டுவோர் உளர். அமெரிக்காவில் 1978 முதல் 1995 வரை, பொறி சாய்ந்து வீழ்ந்ததால் குறைந்தது 37 பேர் இறந்தனர். 113 பேர் காயமுற்றனர் என அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் அறிவித்தது. எனவே, இது சிறு எரிச்சல் பற்றிய செய்தியன்று. உயிர் பற்றிய செய்தியாகும். பொறியைத் தரையுடனோ சுவருடனோ பிணைத்தல் உயிரைக் காக்கும். சினம் எழும் காரணத்தையே களைதல் அதனினும் சிறந்தது.

களையும் வழிகள்

முதலாவது, பொருள் விழுந்ததை உறுதி செய்தல். பொருளைத் தாங்கும் சுருள்கம்பி ஒருமுறை சுழன்றதும் விற்பனை முடிந்ததாகப் பழைய பொறி கொள்ளும். புதிய பொறிகள் சிலவற்றில் விழுமிடத்தில் அகச்சிவப்புக் கதிர்கள் பாய்கின்றன. பொருள் அக்கதிரை மறிக்கவில்லையெனில் சுருள் மீண்டும் சுழலும். அப்போதும் விழாவிடில் பணம் திரும்பும்.

இரண்டாவது, வரிசைமுறை. பொருள் இருப்பில் உள்ளதா, சில்லறை உள்ளதா என்பவற்றைப் பணம் பெறுமுன்னரே பொறி தெரிவித்தல் வேண்டும்.

மூன்றாவது, எண் மயக்கம் நீக்கல். விலை 20 என்றும், பொருளின் எண் 20 என்றும் அருகருகே இருப்பின், விலையை அழுத்தி வேறொரு பொருளைப் பெற நேரும். பொருளுக்கு எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடு அமைப்பின் இம்மயக்கம் எழாது.

மொழியின் பங்கு

2022 ஜூன் திங்களில் சென்னைக் கோயம்பேடு சந்தையில், 10 ரூபாய்க்கு மஞ்சப்பை வழங்கும் பொறி நிறுவப்பெற்றது. சுமைதூக்குவோரும் முதியோரும் நடமாடும் இத்தகைய இடங்களில், பொறி பேசும் மொழி எளிய தமிழாதல் இன்றியமையாதது. 'பிழை எண் 7' என்னும் அறிவிப்பால் யாருக்கு என்ன பயன்? 'பை தீர்ந்துவிட்டது, உங்கள் பணம் திரும்புகிறது' என்பதே பயன்தரும் தொடர்.

முடிவுரை

பெற்ற காசுக்கு ஈடான பொருளைத் தருதல், இயலாதாயின் காசைத் திருப்பித் தருதல் என்பது வணிகத்தின் அடிப்படை அறம். விற்பவர் மறைந்து பொறி நின்றாலும் அவ்வறம் மறைதல் ஆகாது. நாளை பொறியியல் துறையில் புகவிருக்கும் மாணவர் இதனை நெஞ்சிற் கொள்வாராக.