பழைய கையுழவு இயந்திரம்: புதுக்குதலும் பயன்படுத்தலும்

(கண்டி நகரையும் அதனைச் சூழ்ந்த பகுதிகளையும் சேர்ந்த நெற்செய்கையாளருக்கும் மரக்கறிச் செய்கையாளருக்கும்)

கண்டியைச் சூழ்ந்த வயல்கள் பெரும்பாலும் சிறியவை, படிப்படியாக அமைந்தவை, ஒரு வரப்பிற்கும் மறு வரப்பிற்கும் இடையே சில அடி அகலமே உடையவை. இத்தகைய நிலத்தில் நான்கு சில்லு உழவு இயந்திரம் இறங்கவும் இயலாது, திரும்பவும் இயலாது. ஆதலின், ஒருவர் பின்னால் நடந்து செலுத்தும் இரு சில்லுக் கையுழவு இயந்திரமே இங்கு எருமைக்கு அடுத்த துணையாக விளங்கி வருகின்றது. புதிய இயந்திரத்தின் விலை உயர்ந்துவிட்டபடியால், முப்பது, நாற்பது ஆண்டுகள் பழைமையான இயந்திரங்களை வாங்கிப் புதுக்கி வேலைக்கு எடுப்போர் பலர். இது நல்ல முயற்சியே. எனினும், பழைய இயந்திரத்தைப் புதுக்குதல் ஒரு வேலை. புதுக்கியதை முறையாகப் பயன்படுத்துதல் மற்றொரு வேலை. முன்னதில் தவறினால் பணம் போகும்; பின்னதில் தவறினால் காலோ உயிரோ போகும். இவ்விரண்டையும் பற்றி இப்பிரசுரம் கூறும்.

இயந்திரம் வந்த வரலாறு

1950ஆம் ஆண்டுகளில் 'லாண்ட்மாஸ்டர்' என்னும் இரு சில்லு இயந்திரம் இந்நாட்டு வயல்களில் இறங்கியது. இங்கிலாந்தின் நொட்டிங்காம் பகுதியில் இயங்கிய நிறுவனம் அதனைச் செய்தது. அதன் அமைப்பில் இலங்கைப் பொறியியலாளர் ரே விஜேவர்தன (1924–2010) அவர்களின் பங்கு பெரிது. எந்த நிறுவனத்தின் கையுழவு இயந்திரத்தையும் 'லாண்ட்மாஸ்டர்' என்றே அழைக்கும் வழக்கம் நம்மிடையே இன்றும் உண்டு. பின்னர் யப்பானிய இயந்திரங்களும், அவற்றின் பின் சீன இயந்திரங்களும் வந்து சேர்ந்தன. இன்று புதுக்குதற்குக் கிடைப்பவற்றுள் பல, படுக்கையாக அமைந்த ஒற்றை உருளை டீசல் எஞ்சின் பூட்டியவை.

உழவு இயந்திரத்தை வடிவமைத்த விஜேவர்தன அவர்களே பிற்காலத்தில், மண்ணை இயன்றவரை குறைவாகக் கிளறும் பாதுகாப்பு வேளாண்மையை வலியுறுத்தினார் என்பதைக் கமக்காரர் மனத்திற் கொள்ளல் நன்று. இயந்திரம் இருக்கிறது என்பதற்காக நிலத்தை மிகையாக உழுதல் கூடாது.

வாங்கு முன் பார்க்க வேண்டியவை

புதிய வர்ணத்தைக் கண்டு மயங்கற்க. விற்பவர் வீட்டிற்கு முன்னறிவித்தலின்றிக் காலையிற் செல்லுதல் நன்று. எஞ்சினைத் தொட்டுப் பார்க்க. அது முன்பே சூடாக்கப்பட்டிருப்பின், குளிர்ந்த நிலையில் எளிதிற் கிளம்பாத எஞ்சின் என்று ஐயுறுக. கிளம்பிய பின் புகையைக் கவனிக்க. நீலப்புகை விடாது வந்தால் எஞ்சின் எண்ணெய் எரிகின்றது. பிஸ்ரன் வளையங்களோ உருளையோ தேய்ந்துள்ளன. கரும்புகை வந்தால் காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம், அல்லது டீசலைத் தெளிக்கும் முனை பழுதுற்றிருக்கலாம். சூடான பின்னும் வெண்புகை நில்லாதாயின் நீர் உருளைக்குள் கசிகின்றதா என்று ஆராய்க. எண்ணெய் அளவுகோலில் எண்ணெய் பாலேறியதுபோற் காணப்படின், அதில் நீர் கலந்துள்ளது என்பது தெளிவு.

பின்னர் கியர்ப் பெட்டியின் வடிதிருகைக் கழற்றிச் சிறிது எண்ணெயை வெள்ளைத் துணியில் விட்டுப் பார்க்க. இரும்புத் துணுக்குகள் இருப்பின் விலையைக் குறைத்துக் கேட்பதிலும் விலகிவிடுதல் மேலானது. வேலைச் சுமையின்போது கியர் தானே கழன்று வருகின்றதா என்பதனை வயலில் ஓட்டியே அறிதல் வேண்டும். கைப்பிடித் தண்டுகளில் ஒட்டுவேலை செய்த இடங்களையும், எஞ்சின் இலக்கமும் சட்ட இலக்கமும் பத்திரங்களுடன் பொருந்துகின்றனவா என்பதனையும் பார்க்க. உதிரிப்பாகம் கண்டியிற் கிடைக்கின்றதா என்று கடைகளிற் கேட்ட பின்னரே முற்பணம் கொடுத்தல் தகும். பாகம் கிடைக்காத இயந்திரம் எத்துணை அழகாயினும் அது உழவுக்கு உதவாது.

புதுக்கும்போது

பழைய வர்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும். பழைய கிளச்சு, பிறேக்கு ஆகியவற்றின் தகடுகளில் அஸ்பெஸ்ரசு இருக்கக்கூடும். ஈயத்தூசி குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும்; அஸ்பெஸ்ரசு நார் பல ஆண்டுகளின் பின் நுரையீரலில் நோயாக வெளிப்படும். ஆகவே வர்ணத்தை உலர்ந்த நிலையில் தேய்த்தலும், கிளச்சுப் பெட்டியைக் காற்றடித்துத் துப்புரவாக்குதலும் தவிர்க்க வேண்டியவை. நீர் தெளித்து, ஈரத்துணியால் துடைத்து, அத்துணியைக் கட்டி அகற்றுக. இவ்வேலையைச் சமையலறைக்கு அருகிலும் பிள்ளைகள் விளையாடும் முற்றத்திலும் செய்தல் கூடாது.

வர்ணம் பூசுவதற்குச் செலவிடும் பணத்திற்கு முன்னர், எண்ணெய் காக்கும் வளையங்கள், பெல்ற்றுகள், கம்பி வடங்கள், பிறேக்குத் தகடுகள் ஆகியவற்றிற்குச் செலவிடுக. பெல்ற்றை மூடும் தகரம் பழைய இயந்திரங்களிற் பெரும்பாலும் தொலைந்து போயிருக்கும். அதனைத் தகர வேலை செய்வோரிடம் புதிதாகச் செய்வித்துப் பூட்டாமல் இயந்திரத்தை இயக்கற்க. சாரத்தின் தொங்கலையும் சேலை முந்தானையையும் பெல்ற் ஒரு கணத்தில் இழுத்துக்கொள்ளும்.

முதற் சில மணித்தியாலங்கள்

உள்ளே புதிய வளையங்களும் தாங்கிகளும் பூட்டிய எஞ்சின் புதிய எஞ்சினைப் போன்றதே. முதற் பத்து மணித்தியாலத்திற்கு இலேசான வேலை மட்டும் கொடுக்க. சேற்றுழவும் பாரம் ஏற்றிய பெட்டியும் வேண்டாம். அதன் பின் எண்ணெயை முற்றாக வடித்து மாற்றுக. தேய்ந்து ஒன்றோடொன்று பொருந்திய பாகங்களின் இரும்புத்தூள் அதனுடன் வெளியேறும். எல்லா நட்டுகளையும் மீண்டும் இறுக்குக.

கையாற் சுழற்றிக் கிளப்பும்போது, பெருவிரலை மற்றை விரல்களின் பக்கத்திலேயே வைத்துப் பிடிக்க. எஞ்சின் எதிர்த்து உதைத்தால் பிடி கையைவிட்டு நழுவும். பெருவிரல் எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருப்பின் அது முறியும்.

எரிபொருளும் எண்ணெயும் நீரும்

2022ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது சிலர் டீசலுடன் மண்ணெண்ணெய் கலந்து ஓட்டினர். டீசலைத் தள்ளும் பம்பிக்கு டீசலே மசகு ஆகும். மண்ணெண்ணெய்க்கு அத்தன்மை குறைவு. ஆதலின் பம்பி விரைவில் தேயும். இக்கலப்பு இலாபமன்று. மண்ணெண்ணெயில் ஓடுமாறே செய்யப்பட்ட மிகப் பழைய எஞ்சினாயின், பெற்றோலிற் கிளப்பி, சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றுக. நிறுத்து முன் மீண்டும் பெற்றோலுக்கு மாற்றுக. எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி எஞ்சின் எண்ணெயை நீர்க்கச் செய்யும். அளவுகோலில் எண்ணெய் குறையாமல் ஏறுமாயின் மகிழற்க, உடனே மாற்றுக.

காற்று வடிகட்டி எண்ணெய்க் கிண்ணம் உடையதாயின், புழுதி வேலையின்போது நாள்தோறும் பார்க்க. நீர்த்தொட்டி வகை எஞ்சின்களில் நீர் கொதித்து ஆவியாதல் இயல்பே. தொட்டியின் சிவப்பு மிதவை தாழ்ந்தவுடன் நீர் ஊற்றுக. முற்றாக வற்றிச் சூடேறிய எஞ்சினிற் குளிர்நீரை ஊற்றினால் வார்ப்பிரும்பு வெடிக்கும். நிறுத்தி ஆறவிட்ட பின்னரே ஊற்றுதல் வேண்டும்.

நெல் வயலில்

சேற்றுழவுக்கு இரப்பர்ச் சில்லைக் கழற்றி இரும்புக் கூட்டுச் சில்லைப் பூட்டுக. முதல் உழவுக்கும் இரண்டாம் உழவுக்கும் இடையே இரண்டு கிழமை அளவு விட்டால் களை முளைத்து மடிந்து மக்கும். இயந்திரத்தை மூன்று, நான்கு முறை ஓட்டுவதாற் சேறு நல்லதாகும் என்பது தவறான எண்ணம். நீரைத் தாங்கி நிற்கும் அடித்தட்டு அதனாற் குலைந்து, பாய்ச்சிய நீர் கீழே இறங்கிவிடும், டீசலும் வீணாகும். மூலைகளை மண்வெட்டிக்கு விட்டுவிடுக. வரப்பைக் கடக்கும்போது சரிவாகவன்றி நேர்குறுக்காகவும், உறுதியான இரு பலகைகளை இட்டும், மிகக் குறைந்த கியரிற் கடக்க.

மரக்கறித் தோட்டத்தில்

மாரஸ்ஸன, ஹேவாஹெட்ட முதலிய சரிவுகளிற் போஞ்சி, தக்காளி, கோவா செய்வோர் சுழல் கலப்பையை மிகக் கவனமாகக் கையாளல் வேண்டும். மண்ணை மாவாகப் பொடித்தல் கண்ணுக்கு அழகே. எனினும் ஒக்டோபர், நவெம்பர் மாத மழையில் அம்மாவே முதலில் மகாவலிக்குச் செல்லும். சரிவின் வழியே மேலும் கீழுமாக உழாமல், சரிவுக்குக் குறுக்காகச் சமவுயரக் கோட்டின்படி உழுக. கற்கட்டையும் புல்வரிசையையும் வடிகானையும் இயந்திரம் திரும்புவதற்கென்று உடைத்தல் ஒருபோதும் ஆகாது. 1951ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க மண் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டதற்குக் காரணமே மலைநாட்டு மண் ஆற்றோடு போவதுதான். கையில் எடுத்த மண் உருண்டையாக ஒட்டுமாயின் அன்று உழவேண்டாம். ஈரமண்ணில் ஓடும் சில்லு மண்ணை இறுக்கிவிடும்.

இறக்கத்திலும் பின்னோட்டத்திலும்

இப்பகுதியை இருமுறை படிக்குமாறு கேட்டுக்கொள்கின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எனது பிரிவிலுள்ள கமக்காரர் ஒருவர் பழைய இயந்திரமொன்றைத் தாமே நன்கு புதுக்கினார். செலுத்தும் முறையை அவருக்கு நானே சமவயலிற் கற்பித்தேன். இடப்பக்கம் திரும்ப இடப்பிடியை அழுத்துக, வலப்பக்கம் திரும்ப வலப்பிடியை அழுத்துக என்றேன். மறு கிழமை அவர் தோட்டத்துப் பாதையில் இறங்கி வருகையில் இயந்திரம் கீழ்ப்படிக்குக் கவிழ்ந்து, அவருடைய வலக்கால் நசுங்கியது. வைத்தியசாலையில் நான் பார்க்கச் சென்றபோது, "ஐயா, நீங்கள் சொன்னபடிதான் இடப்பிடியை அழுத்தினேன், அது வலப்பக்கம் போயிற்றே" என்றார். அவர் என்மீது குறை கூறவில்லை. ஆயினும் அன்று சொல்லாமல் விட்டதை அதன் பின் ஒவ்வொரு வகுப்பிலும் முதலிற் சொல்லி வருகின்றேன்.

காரணம் இதுவே. திரும்பும் பிடியை அழுத்தும்போது அப்பக்கச் சில்லுக்கு எஞ்சினிலிருந்து செல்லும் தொடர்பு அறும். சமநிலத்தில் அச்சில்லு பின்தங்க, மறு சில்லு முன்செல்ல, இயந்திரம் அப்பக்கமே திரும்பும். இறக்கத்திலோ இரு சில்லுகளையும் எஞ்சின் பிடித்து நிறுத்திக்கொண்டிருக்கின்றது. பிடியை அழுத்தியதும் அப்பக்கச் சில்லு பிடிவிட்டு உருண்டு முந்தும். ஆகவே இயந்திரம் எதிர்ப்பக்கம் திரும்பும். இறக்கத்தில் திரும்பும் பிடிகளைத் தொடாது, கைப்பிடித் தண்டைத் தள்ளியே திருப்புக. குறைந்த கியரில் மெதுவாக இறங்குக. நடுவிற் கிளச்சை அழுத்துதலும் கியரைக் கழற்றுதலும் கூடாது. பாரப்பெட்டி பூட்டி மலைப்பாதையில் இறங்கும்போது இவ்விதி இன்னும் கண்டிப்பானது. பெட்டியின் பிறேக்கு வேலை செய்யாவிடின் பாரம் ஏற்றவே வேண்டாம்.

பின்னோட்டமும் ஆபத்தானது. பின்னோக்கிக் கியர் பூட்டியவுடன் கைப்பிடித் தண்டு மேலெழும். பின்னால் மதிலோ மரமோ உயர்ந்த வரப்போ இருப்பின், செலுத்துபவர் இடையில் நெரிபடுவார். எஞ்சின் வேகத்தைக் குறைத்து, பின்னால் இடமுண்டா என்று பார்த்த பின்னரே பின்னோக்குக. அதற்கு முன் சுழல் கலப்பையின் தொடர்பை அறுத்துவிடுக. அதன் கத்திகள் அவர் கால்களை நோக்கியே வருகின்றன.

வாடகைக்கும் இரவலுக்கும்

அயலவருக்கு உதவுதல் நம் வழக்கம். ஆயினும் பழைய இயந்திரம் ஒவ்வொன்றுக்கும் தனிக் குணம் உண்டு. அதனை உடையவரே அறிவார். ஆகவே இயந்திரத்தை மட்டும் கொடுத்தனுப்பாமல், பழகிய செலுத்துநருடன் அனுப்புக. சிறுவரைச் செலுத்தவிடுதலும், பெட்டியின் இணைப்புத் தண்டில் ஆட்களை ஏற்றுதலும் வேண்டா.

வேலை முடிந்த பின்

அன்றன்றே சேற்றைக் கழுவுக. கத்திகளிற் சுற்றிய புல்லையும் கயிற்றையும் எஞ்சினை நிறுத்திய பின்னரே வெட்டி அகற்றுக. மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிடற்க. அதன் புகை மணமின்றியும் கொல்லும். போகம் முடிந்ததும் எண்ணெயை மாற்றி, எரிபொருட்தொட்டியை நிரப்பி, சில்லுகளைப் பலகைமேல் ஏற்றி வைக்க. வேலை செய்த மணித்தியாலங்களையும் எண்ணெய் மாற்றிய நாளையும் ஒரு கொப்பியிற் குறித்து வருவோரின் இயந்திரம் நெடுநாள் உழைக்கும்.

நினைவிற் கொள்க

1. வர்ணத்தை அன்று, எஞ்சினையும் கியர்ப் பெட்டியையும் பார்த்து வாங்குக.
2. பெல்ற் மூடியின்றி இயக்கற்க.
3. புதுக்கிய எஞ்சினுக்கு முதற் பத்து மணித்தியாலம் இலேசான வேலையே கொடுக்க.
4. சரிவில் குறுக்காக உழுக, ஈரமண்ணை உழற்க.
5. இறக்கத்தில் திரும்பும் பிடியைத் தொடற்க.
6. பின்னோக்கு முன் சுழல் கலப்பையை நிறுத்துக, பின்னால் பார்க்க.

மேலும் விளக்கம் வேண்டுவோர் தத்தம் பிரிவின் விவசாயப் போதனாசிரியரையோ கமநல சேவை நிலையத்தையோ அணுகுக. புதுக்கிய இயந்திரத்தை முதன்முதல் வயலில் இறக்கும் நாளில் எம்மையும் அழைப்பீராயின், மகிழ்ந்து வருவோம். சமவயலோடு நில்லாது, இறக்கத்திலும் உடன் நடந்து காட்டுவோம்.